உழாமல் விதைத்தல், மண்ணைக் காத்தல்: விவசாயிகள் ஒருவரிடம் ஒருவர் கற்பது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உழவைக் குறைக்கவோ முற்றிலும் விட்டுவிடவோ எண்ணும் விவசாயிகள், அதை மற்ற விவசாயிகளிடமிருந்து கற்க முற்படும்போது எழுப்பும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. சிலவற்றுக்கு ஓரிரு வரிகளில் விடை சொல்லிவிடலாம். சிலவற்றுக்கு மண்வெட்டியோடு வயலில் இறங்கித்தான் விடை காண வேண்டும் என்பதால், அவற்றை விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

உழவில்லா வேளாண்மை என்றால் நிலத்தை அப்படியே விட்டுவிடுவதா?

இல்லை. மண்ணைப் புரட்டாமல், விதை இறங்குவதற்கு வேண்டிய அளவு மட்டும் கீறியோ குழியிட்டோ விதைப்பதுதான் உழவில்லா வேளாண்மை. ஆனால் கலப்பையை ஓரமாக வைத்துவிட்டதாலேயே மண் காப்பாற்றப்பட்டுவிடாது. மண்ணைக் கூடியவரை கிளறாதிருத்தல், அறுவடைக்குப் பின் எஞ்சும் தாளாலோ (வைக்கோல், தட்டை) உயிருள்ள பயிராலோ நிலத்தை எப்போதும் மூடிவைத்தல், ஒரே பயிரைத் திரும்பத் திரும்ப இடாமல் மாற்றிப் பயிரிடுதல் ஆகிய மூன்றும் ஒன்றுசேர வேண்டும். விதைத்து முடித்த பின் நிலப்பரப்பில் குறைந்தது 30 விழுக்காடாவது தாளால் மூடப்பட்டிருக்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கீழ் எல்லை. மூடாக்கு இல்லாமல் உழவை மட்டும் நிறுத்தியவர்களின் வயல்கள் இறுகிப்போய், இந்த முறையே சரிவராது என்ற பேச்சுக்கு இடம் கொடுத்துவிடுகின்றன.

'அகல உழுவதை விட ஆழ உழுவது மேல்' என்றுதானே கேட்டு வளர்ந்தோம்?

அந்தப் பழமொழி பிறந்த காலத்துக் கலப்பை மாடு இழுத்த மரக்கலப்பை. அது மண்ணைப் பிளந்துகொண்டு போகுமே தவிர, அடிமண்ணை மேலே கொண்டுவந்து கவிழ்த்துப் போடாது. டிராக்டரில் பூட்டிய சட்டிக் கலப்பையும் சுழல் கலப்பையும் ஆண்டுதோறும் செய்யும் வேலை வேறு. அவை மண் கட்டிகளைப் பொடியாக்கி, மண்புழு வளைகளையும் பூஞ்சை இழைகளையும் அறுத்து, மட்கைக் காற்றுக்குக் காட்டி விரைவில் சிதையச் செய்கின்றன. பொடியான மண்ணில் மழைத்துளி நேரே விழும்போது நுண்துகள்கள் துளைகளை அடைத்து மேலே ஓடு போல் காய்ந்துவிடுகின்றன. கலப்பை எட்டும் ஆழத்துக்குக் கீழே வேர் நுழைய முடியாத கெட்டிப் படலம் ஒன்றும் உருவாகிறது. வேர் ஆழமாக இறங்க வேண்டும் என்பதில் பழமொழிக்கும் நமக்கும் வேறுபாடு இல்லை. அந்த ஆழத்தை மண்புழுவும் முந்தைய பயிரின் வேரும் உண்டாக்கித் தர முடியும் என்பதுதான் இங்கே சொல்லப்படுவது.

இழப்பின் அளவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு ஹெக்டேரில் 1 மில்லிமீட்டர் மேல்மண் அடித்துச் செல்லப்பட்டால் அது ஏறத்தாழ 13 டன் மண். 1 மில்லிமீட்டர் குறைந்ததைக் கண்ணால் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. அதனால்தான் மண்ணரிப்பு ஒரு தலைமுறை முழுவதும் கவனிக்கப்படாமலே நடந்து முடிந்துவிடுகிறது.

ஆய்வு நிலையங்களும் வேளாண் அலுவலர்களும் இருக்கும்போது, ஏன் இன்னொரு விவசாயியிடம் கற்க வேண்டும்?

இரண்டும் தேவை. ஆனால் இரண்டும் தரும் அறிவு ஒரே வகையானதல்ல. தாள் மூடிய நிலத்தில் விதைக்க வேண்டும் என்பதை ஓர் ஆய்வாளர் சொல்லிவிடலாம். காலைப் பனியில் நனைந்த தாள் விதைப்பானின் தட்டில் அறுபடாமல் வளைந்து, விதைச்சாலுக்குள் மடிந்து போய்விடும், அதன் மேல் விழுந்த விதை மண்ணைத் தொடாமல் காய்ந்துவிடும், ஆகவே வெயில் ஏறித் தாள் மொறமொறப்பாகும் வரை வண்டியை எடுக்கக் கூடாது என்பதை, அப்படி ஒரு முறை விதையை இழந்தவர்தான் முதலில் சொல்வார். அறுவடை இயந்திரம் தாளை ஒரே வரிசையில் குவித்துவிட்டுப் போனால் அடுத்த பயிர் அந்த வரிசையில் மட்டும் மஞ்சளாகி நிற்கும் என்பதும் அப்படிப்பட்ட அறிவுதான். உழாத விவசாயத்தின் முதல் வேலை முந்தைய அறுவடையின்போதே தொடங்கிவிடுகிறது என்பதை இந்த ஒரு காட்சி உணர்த்திவிடும்.

நம்பிக்கையும் இதில் அடங்கியிருக்கிறது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வீரிய ஒட்டு மக்காச்சோளம் எப்படிப் பரவியது என்று 259 விவசாயிகளிடம் கேட்டறிந்த ஆய்வு 1943இல் வெளியானது. புதிய விதையைப் பற்றிய செய்தியைப் பலர் முதலில் விதை விற்பனையாளர்களிடமிருந்துதான் கேட்டிருந்தார்கள். ஆனால் பயிரிட்டுப் பார்க்கலாம் என்று அவர்களை முடிவெடுக்க வைத்ததில் அக்கம்பக்கத்து விவசாயிகளின் பங்கே பெரிது. விதையை மாற்றுவதற்கே இப்படி என்றால், தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த உழவை நிறுத்துவதற்கு இன்னும் நெருக்கமான சான்று வேண்டும்.

இந்த முறை உண்மையிலேயே விவசாயிகள் வழியாகப் பரவியதா?

ஆம், இதன் வரலாற்றில் பெரும்பகுதி அப்படித்தான் நடந்தது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஹாரி யங் என்ற விவசாயி 1962இல் ஓர் ஏக்கருக்கும் குறைவான நிலத்தில் உழாமல் பயிரிட்டுப் பார்த்தார். அவருடைய பண்ணையைப் பார்க்கப் பலர் வந்தார்கள். பிரேசிலின் பரனா மாநிலத்தைச் சேர்ந்த எர்பெர்ட் பார்ட்ஸ் அவர்களில் ஒருவர். பெருமழையில் தன் மேல்மண் கரைந்து ஓடுவதைக் கண்டு மாற்று வழி தேடிப் புறப்பட்ட அவர், அங்கே கண்டதை 1972இல் ரோலாந்தியாவில் தன் சொந்த நிலத்தில் செய்து பார்த்தார். அதே மாநிலத்தில் பொன்டா குரோசா பகுதி விவசாயிகள் 1979இல் 'மண்புழுச் சங்கம்' என்ற பெயரிலேயே ஒரு குழு அமைத்து, தாங்கள் கண்டதைப் பகிர்ந்துகொண்டார்கள். பின்னர் 'மண்ணின் நண்பர்கள்' என்ற பெயரில் இத்தகைய சங்கங்கள் பல ஊர்களில் தோன்றின. அர்ஜென்டினாவில் நேரடி விதைப்பு விவசாயிகள் தங்களுக்கென ஒரு சங்கத்தை 1989இல் நிறுவினார்கள். இவை பெரும்பாலும் இயந்திரம் வைத்திருந்த பண்ணைகளின் கதைகள்.

சிறு விவசாயிகளின் கதையும் உண்டு. 1970களில் குவாத்தமாலாவின் சிமால்தெனாங்கோ மலைப்பகுதியில் கக்சிக்கேல் என்ற பழங்குடி இனத்து விவசாயிகள் மண்ணரிப்பைத் தடுக்கக் கற்றதை மற்ற ஊர்களுக்குச் சென்று தாங்களே கற்றுக்கொடுக்கத் தொடங்கினார்கள். 'விவசாயியிடமிருந்து விவசாயிக்கு' என்று அழைக்கப்படும் அந்த இயக்கம் மெக்சிகோ, ஹோண்டுராஸ், நிகரகுவா, கியூபா என்று பரவியது. 1998இல் மிட்ச் சூறாவளி நடு அமெரிக்காவைத் தாக்கிய பிறகு, அந்த விவசாயிகளே குழுக்களாகப் பிரிந்து, மண் காத்த நிலங்களையும் பக்கத்திலிருந்த வழக்கமான நிலங்களையும் நூற்றுக்கணக்கில் அளந்து ஒப்பிட்டார்கள். காக்கப்பட்ட நிலங்களில் மேல்மண்ணும் ஈரமும் கூடுதலாக நின்றிருந்தன. தங்கள் மண்ணைத் தாங்களே அளந்து பார்த்த அந்தச் செயலை, இந்த வரலாற்றிலேயே மிக உயர்ந்ததாக நான் கருதுகிறேன்.

மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா பாசோவில் யக்கூபா சவடோகோ என்ற விவசாயி, கல்லாக இறுகிய நிலத்தில் கோடையிலேயே சிறு குழிகள் தோண்டி எருவிட்டு மழைநீரைப் பிடித்து விதைக்கும் பழைய முறையைச் செம்மைப்படுத்தினார். எருவைத் தேடி வந்த கரையான்கள் அந்த நிலத்தைத் துளைத்து இளக்கிக் கொடுத்தன. 1984 முதல் அவர் தன் நிலத்திலேயே சந்தை நாட்கள் நடத்தி, பல ஊர் விவசாயிகள் விதையையும் அனுபவத்தையும் பரிமாறிக்கொள்ள வழிசெய்தார்.

ஒரு குழுவைத் தொடங்க எத்தனை பேர் வேண்டும்?

நான்கைந்து பேர் போதும். பத்துப் பன்னிரண்டுக்கு மேல் போனால் கூட்டம் கூட்டமாகவே முடிந்துவிடும், பேச்சு நடக்காது. அர்ஜென்டினாவில் 1957இல் பாப்லோ ஹாரி தொடங்கிய விவசாயிகள் குழு முறையில் பத்துப் பன்னிரண்டு பேர்தான் சேர்ந்து, மாதம் ஒரு முறை ஒருவரின் பண்ணையில் கூடுவார்கள். இந்த முறையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது சுற்றுமுறை. இந்த மாதம் உங்கள் நிலம் என்றால் அடுத்த மாதம் என் நிலம். எப்போதும் ஒருவரே ஆசானாகவும் மற்றவர்கள் கேட்பவர்களாகவும் இருந்தால், அந்தக் குழு அவருடைய மண்ணுக்கு ஏற்றதை மட்டுமே கற்றுக்கொள்ளும்.

கூடுமானவரை மண்வகையும் நீர்வசதியும் ஒத்தவர்கள் சேர்வது நல்லது. களிமண் நிலத்துக்காரருக்கு மணற்பாங்கான நிலத்தின் வெற்றி பாதிதான் பயன்படும். நிலத்தில் நாளெல்லாம் வேலை செய்கிறவர்கள் யாரோ அவர்களும் குழுவில் இருக்க வேண்டும். களை எந்த இடத்தில் முதலில் முளைத்தது என்பது களை எடுத்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஒருவரின் வயலுக்குப் போனால் எதைப் பார்க்க வேண்டும்?

பயிரின் பச்சையைப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது. பச்சை உரத்தாலும் வரும். கையோடு ஒரு மண்வெட்டி, இரண்டு கண்ணாடிக் குவளைகள், இருபுறமும் திறந்த 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழாய்த் துண்டு, தண்ணீர் ஆகியவற்றைக் கொண்டுபோக வேண்டும். உழாத வயலிலும், பக்கத்தில் அதே மண்ணுள்ள உழுத வயலிலும் ஒரே சோதனைகளைச் செய்து பார்க்க வேண்டும்.

முதலில் தாளை விலக்கி, 20 சென்டிமீட்டர் நீளம், அகலம், ஆழம் கொண்ட ஒரு கட்டியை மண்வெட்டியால் உடையாமல் தூக்கி எடுங்கள். அதை இடுப்பு உயரத்திலிருந்து ஒரு பலகை மேல் போட்டால், நல்ல மண் சிறு சிறு உருண்டைகளாகப் பொலபொலவென்று உதிரும். கெட்டுப்போன மண் கூரிய விளிம்புள்ள பாளங்களாகப் பிளக்கும். வேர்களைப் பாருங்கள். ஆணிவேர் ஓர் ஆழம் வரை நேராக இறங்கி, பிறகு சட்டென்று பக்கவாட்டில் திரும்பியிருந்தால், அந்த ஆழத்தில் பழைய உழவின் கெட்டிப் படலம் இன்னும் இருக்கிறது. மண்புழுக்களை எண்ணுங்கள், அவை போன வழிகளையும் எண்ணுங்கள். மண்ணை முகர்ந்து பாருங்கள். அழுகல் வாடை வந்தால் உள்ளே காற்றோட்டம் இல்லை.

அடுத்தது குவளைச் சோதனை. இரு வயல்களிலிருந்தும் நெல்லிக்காய் அளவு மண்கட்டிகளை எடுத்து நன்றாகக் காயவைத்து, வலைத்துணியில் ஏந்தித் தண்ணீரில் மெல்ல இறக்க வேண்டும். நெடுநாள் உழுத மண்ணின் கட்டி பல இடங்களில் ஒரு சில நிமிடங்களிலேயே கரைந்து, தண்ணீர் சேறாகிவிடும். நெடுநாள் உழாமல் மூடிவைத்த மண்ணின் கட்டி குமிழிகளை விட்டுக்கொண்டு அப்படியே நிற்கும், தண்ணீரும் தெளிவாக இருக்கும். வேர்க்கசிவும் பூஞ்சை இழைகளும் துகள்களைப் பிணைத்து வைத்திருப்பதால்தான் அப்படி நிற்கிறது. மழை பெய்யும்போது வயலில் நடப்பதை ஒரு குவளைக்குள் வைத்துக் காட்டும் இந்தச் சோதனையைப் பார்த்த பின் குழுவின் பேச்சு மாறிவிடும்.

மூன்றாவதாக, குழாய்த் துண்டை மண்ணில் சில சென்டிமீட்டர் ஆழம் தட்டி இறக்கி, 440 மில்லிலிட்டர் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். அந்த வட்டத்துக்கு அது 2.5 சென்டிமீட்டர் மழைக்குச் சமம். தண்ணீர் முழுவதும் உள்ளே இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் முறை காய்ந்த மண் வேகமாகக் குடித்துவிடும் என்பதால், இரண்டாம் முறை ஊற்றும்போது கிடைக்கும் அளவையே ஒப்பிட வேண்டும்.

முதல் ஆண்டே மகசூல் குறைந்துவிடுமா?

குறையக்கூடும். இதை மறைத்துச் சொல்பவரை நம்ப வேண்டாம். 63 நாடுகளில் 48 பயிர்களில் நடந்த 610 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2015இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, உழவை மட்டும் நிறுத்தினால் சராசரியாக மகசூல் குறைகிறது என்று காட்டியது. தாளை நிலத்திலேயே விடுவதும் பயிரை மாற்றுவதும் சேரும்போது அந்தக் குறைவு மிகவும் சுருங்குகிறது. வறண்ட பகுதிகளின் மானாவாரி நிலங்களிலோ, மூன்றும் சேரும்போது மகசூல் கூடுகிறது.

தொடக்கத்தில் பயிர் மஞ்சளாவதற்குப் பெரும்பாலும் தழைச்சத்துப் பற்றாக்குறையே காரணம். தானியப் பயிரின் வைக்கோலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு ஏறத்தாழ 80 பங்கு கரிமம் இருக்கும். அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்களுக்கு 24 பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து வேண்டும் என்பதால், குறைவதை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. எடுத்ததைப் பின்னர் அவை திருப்பித் தந்துவிடும், ஆனால் இளம்பயிரால் அதுவரை காத்திருக்க முடியாது. ஆகவே தொடக்க ஆண்டுகளில் தழைச்சத்தின் ஒரு பகுதியைத் தாளின் மேல் தூவாமல், விதைவரிசைக்கு அருகே மண்ணுக்குள் இடுவதும், தானியத்துக்கு முன் பயறுவகை ஒன்றைப் பயிரிட்டு வைப்பதும் உதவும்.

களையை என்ன செய்வது? களைக்கொல்லி இல்லாமல் முடியுமா?

நேர்மையாகச் சொன்னால், பெரும்பரப்பில் உழவை நிறுத்தியவர்களில் மிகப் பலர் களைக்கொல்லியைச் சார்ந்தே நிறுத்தினார்கள். 1960களில் அத்தகைய மருந்துகள் கிடைக்கத் தொடங்கியதும் இந்த முறை பரவியதற்கு ஒரு காரணம். ஆனால் ஒரே மருந்தை ஆண்டுதோறும் அடித்தால் அதைத் தாங்கும் களைகள் நிலைத்துவிடுகின்றன. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தாங்கும் களை ஆஸ்திரேலியாவில் 1996இலேயே பதிவாகிவிட்டது.

மருந்தைக் குறைக்க விரும்புபவர்கள், இடையில் அடர்த்தியான மூடுபயிர் ஒன்றை வளர்த்து, அது பூத்துக் காய் முற்றுவதற்கு முன் மழுங்கிய தகடுகள் பொருத்திய உருளையால் நசுக்கிப் படுக்கவைத்து, அந்தப் பாய்க்குள் விதைக்கிறார்கள். பூப்பதற்கு முன்பே உருட்டினால் அது மறுபடி எழுந்துவிடும், காய் முற்றிய பின் உருட்டினால் அதுவே களையாகும். அந்தச் சில நாட்களைச் சரியாகப் பிடிக்க, ஏற்கெனவே செய்தவரோடு ஒரு முறை வயலில் நிற்பதுதான் வழி. மருந்தே இல்லாமல் செய்பவர்கள் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மேலோட்டமாக உழ நேரிடலாம். அதைக் குற்றமாகப் பார்க்க வேண்டியதில்லை.

தாள் முழுவதும் மாட்டுத் தீவனத்துக்குப் போய்விடுகிறதே?

பாதியையாவது நிலத்தில் விட முயலுங்கள், எடுப்பதற்கு ஈடாக எருவைத் திருப்பிக் கொடுங்கள். ஓரங்களில் தீவனப்பயிர் வளர்ப்பதும், அறுப்பு உயரத்தைக் கூட்டுவதும் இதற்கு எளிய வழிகள்.

விதைக்கும் இயந்திரம் வாங்க வசதி இல்லை. தொடங்க முடியாதா?

முடியும். கூர்முனைக் கோலால் தாளின் ஊடே துளையிட்டு விதையிடுவதும் உழவில்லா விதைப்புத்தான். இரு கைப்பிடிகளை விரித்து மூடினால் விதை விழும் கையால் குத்தும் விதைப்பானைப் பல நாடுகளில் சிறு விவசாயிகள் பயன்படுத்துகிறார்கள். இயந்திரம் வேண்டும் என்றால், குழுவாக வாடகைக்கு எடுத்து ஓரிரு பருவம் பார்த்த பின் முடிவு செய்யலாம்.

சரிவான நிலத்தில் மூடாக்கு மட்டும் போதுமா?

சரிவு அதிகமானால் போதாது. சமமட்டக் கோட்டில் வரப்போ புல்வரிசையோ அமைக்க வேண்டும். அந்தக் கோட்டைக் கண்டுபிடிக்கப் பொறியாளர் தேவையில்லை. சம நீளமுள்ள இரு கம்புகளின் உச்சியைச் சேர்த்துக் கட்டி, நடுவே ஒரு குறுக்குச் சட்டத்தைக் கட்டி, உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல்லைத் தொங்கவிட வேண்டும். இரு கால்களும் ஒரே மட்டத்தில் நிற்கும்போது கயிறு குறுக்குச் சட்டத்தின் நடுக்குறியைத் தொடும். ஒரு காலை ஊன்றி மறுகாலைச் சுழற்றி, கயிறு நடுவில் நிற்கும் இடமெல்லாம் முளை அடித்துக்கொண்டே போனால் கோடு கிடைத்துவிடும். குவாத்தமாலாவில் தொடங்கிய அந்த இயக்கத்தில் ஒருவர் மற்றவருக்குக் கொடுத்துச் சென்ற முதற்கருவிகளில் இதுவும் ஒன்று. அரை நாளில் கற்றுக்கொண்டு மறுநாளே கற்றுக்கொடுத்துவிடலாம்.

பக்கத்து விவசாயி சொல்வது என் நிலத்துக்குப் பொருந்துமா என்று எப்படி அறிவது?

முழு நிலத்திலும் இறங்காமல் பட்டைகளாகப் பிரித்துப் பாருங்கள். ஒரு பட்டை உழுதது, அடுத்தது உழாதது என்று மாற்றி மாற்றி ஒவ்வொன்றிலும் மூன்று பட்டைகளாவது இருக்கட்டும். ஒரே விதை, ஒரே நாள். அறுவடையில் ஒவ்வொரு பட்டையையும் தனித்தனியே எடை போடுங்கள். ஒரே ஒரு பட்டையை மட்டும் வைத்துப் பார்த்தால், அது வளமான மூலையில் அமைந்துவிட்டதா என்பது தெரியாமலே போய்விடும். எரிபொருள், கூலி, செலவான நேரம் ஆகியவற்றையும் குறித்துவையுங்கள். மகசூல் சமமாக இருந்து செலவு குறைந்தால் அதுவும் ஆதாயமே.

நீர் வடியாமல் தேங்கும் நிலமும் ஏற்கெனவே மிகவும் இறுகிய நிலமும் உடனே இதற்கு ஏற்றவை அல்ல. வடிகால் அமைத்தும், ஒரு முறை ஆழமாகப் பிளந்துவிட்டும் பிறகு தொடங்க வேண்டும்.

தோல்வியைச் சொல்ல யாரும் முன்வருவதில்லையே?

அது இயல்பு. ஊர் பார்க்கும் இடத்தில் வயல் இருக்கிறது, தோற்ற பயிரை மறைத்துவைக்க முடியாத தொழில் இது. ஆகவே சொல்லும்படி கேட்பதைக் காட்டிலும், சந்திப்பின் முறையிலேயே அதற்கு இடம் வைப்பது பயன் தரும். நிலத்துக்காரர் முதலில் தன் வயலின் மிக மோசமான பகுதிக்கு எல்லோரையும் அழைத்துச் செல்வது என்று குழுவில் முடிவு செய்துகொள்ளுங்கள். எல்லோருக்கும் ஒரே விதி என்பதால் யாருக்கும் தலைகுனிவு இல்லை. அங்கே நின்று என்ன நடந்திருக்கும் என்று ஒவ்வொருவரும் தன் கருத்தைச் சொல்லட்டும், நிலத்துக்காரர் கடைசியில் பேசட்டும். விதை ஆழம் தவறியதா, நத்தைகள் தின்றனவா, தாள் குவிந்ததா என்பதெல்லாம் அந்த மோசமான மூலையில்தான் தெரியவரும்.

எத்தனை ஆண்டு அனுபவத்துக்குப் பின் நான் மற்றவர்களுக்குச் சொல்லித்தரலாம்?

ஒரு பருவம் போதும், செய்ததை மட்டும் சொல்வதாக இருந்தால். மண்ணில் மாற்றம் நிலைபெறப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், முதல் ஆண்டுக்காரர் மண்வளம் கூடியதாகச் சொல்ல முடியாது. ஆனால் இன்று என் நிலத்தில் 440 மில்லிலிட்டர் தண்ணீர் இறங்க இத்தனை நிமிடம் ஆனது என்று அவர் சொல்லலாம். விதைத்த நாள், தாளின் கனம், முளைத்த விழுக்காடு, தண்ணீர் இறங்கிய நேரம், எண்ணிய மண்புழுக்கள் ஆகிய ஐந்தையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். அடுத்த ஆண்டு உங்கள் வயலுக்கு வருபவரிடம் முதலில் அந்த நோட்டையும் பிறகு மண்வெட்டியையும் கொடுங்கள்.